52 சதவீதம், கூட்டல் கழித்தல் 3: அந்த 3 எங்கிருந்து வருகிறது?

வணக்கம். தேர்தல் கருத்துக்கணிப்பு வரும்போது மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும்: "பிழை வரம்பு ±3%". முழுக் கணிப்பிலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிதான். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

(திரையில்: 1000 பேர், 520 "ஆம்")

ஒரு மாநிலத்தில் 1000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 520 பேர் 'ஆம்' என்கிறார்கள். மாதிரி விகிதம் 0.52, மீதி 0.48. இரண்டையும் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 0.0158 வரும். இதற்குப் பெயர் திட்டப் பிழை. அதை 95% நம்பிக்கைக்கான எண்ணான 1.96-ஆல் பெருக்கினால் 0.031. அந்த 3 இதுதான்.

(திரையில்: 48.9% முதல் 55.1% வரை)

இது 95% நம்பிக்கை இடைவெளி. 50 இதற்குள்ளேயே இருக்கிறது, கவனித்தீர்களா? அதனால் பாதிக்கு மேல் ஆதரவு என்று இந்த 1000 பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வரம்பைப் பாதியாக்க வேண்டுமா? 2000 பேர் போதாது, 4000 பேரைக் கேட்க வேண்டும். எல்லாம் அந்த வர்க்கமூலம் செய்யும் வேலை.

சரி, 95% என்றால் என்ன? "உண்மையான விகிதம் இந்த இடைவெளிக்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

(திரையில்: அசையாத ஒரு செங்குத்துக் கோடு, அதன்மேல் 100 கிடைக்கோடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன)

செங்குத்துக் கோடுதான் மாநிலத்தின் உண்மையான விகிதம். அது நகராது. ஒவ்வொரு முறை புதிதாக 1000 பேரைக் கேட்கும்போதும் இடம் மாறுவது நம் இடைவெளிதான். இப்படியே செய்துகொண்டு போனால், 100-க்குச் சுமார் 95 இடைவெளிகள் அந்தக் கோட்டைத் தொடும். 95 என்பது இந்த முறைக்குக் கிடைக்கும் சான்று. கையில் இருக்கும் இந்த ஒன்று தொட்டதா, தவறியதா? நமக்குத் தெரியாது.

இப்போது 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் போவோம். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு வாக்கு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. முக்கிய வேட்பாளர்களான லாண்டன், ரூஸ்வெல்ட் இருவருக்கும் வந்ததை மட்டும் எண்ணினால் ரூஸ்வெல்ட்டுக்கு 43%. நம் சூத்திரத்தில் போட்டால் வரம்பு 0.1 சதவீதப் புள்ளிகூட வராது. அவ்வளவு ஒல்லியான இடைவெளி! தேர்தலில் அவருக்குக் கிடைத்ததோ, அதே கணக்கில், சுமார் 62%.

என்ன ஆனது? முகவரிகள் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பொருளாதார மந்தத்தின் நடுவில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? அதோடு, பெற்றவர்களில் நாலில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சூத்திரம் குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டும்தான் அளக்கும். யாரைக் கேட்காமல் விட்டோம் என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது.

அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சுமார் 50,000 பேரை வைத்து ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். பாடப் புத்தகங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். ஆனால் அவர் சொன்ன அளவு 56%. 50,000 பேருக்கு வரம்பு அரை சதவீதப் புள்ளிகூட இல்லை. ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்ன அவருடைய இடைவெளியும் உண்மையைத் தொடவில்லை; அவரும் குலுக்கல் முறையில் ஆட்களை எடுக்கவில்லை.