"தூங்குறாரு, எழுப்பாதீங்க"

வணக்கம் நேயர்களே. தோட்ட டிஸ்பென்சரிகளில் முப்பத்தொரு வருஷம் மருந்து கொடுத்தவன் நான். வலிக் குளிசைகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்ததும் எனக்கு ஒரு கம்பளிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மஸ்கெலியாப் பக்கம். மழைக்காலம், இரவு ஒன்பது மணி இருக்கும். கீழ் லயத்திலிருந்து ஒரு பையன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். "டாக்டரய்யா, அப்பாவுக்கு வலிப்பு வந்திருச்சு. இப்ப நின்னுருச்சு, தூங்குறாரு. அம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாங்க." நான் டாக்டர் இல்லை. தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்களும் மறுக்க மாட்டோம்.

காம்பராவுக்குள் பத்துப் பேர். அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பல்லுக்கு நடுவே கரண்டி வைத்ததில் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. குளிருக்குத் தலையையும் மூடிக் கம்பளி போர்த்தியிருந்தார்கள், உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம். "அசந்து தூங்குறான், எழுப்பாதீங்க" என்றார் அவருடைய அம்மா. கம்பளியை விலக்கி டார்ச் அடித்தேன். உதடு நாவற்பழ நிறம். கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன், ஒரு நிமிஷத்துக்கு ஆறு. வளர்ந்த மனிதர் தூங்கும்போதுகூட பன்னிரண்டுக்குக் கிட்டவாவது இருக்க வேண்டும். நாங்கள் கேட்டது குறட்டையே இல்லை. நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையை முக்கால்வாசி அடைத்துக்கொண்ட சத்தம்.

என்ன போட்டார் என்று கேட்டேன். டவுனில் வாங்கிய வெள்ளைக் கவரைக் கொண்டுவந்தார்கள். 'காலை 1, இரவு 1' என்று பேனாவால் எழுதியிருந்தது. குளிசையின் பெயரைக் காணோம். சின்ன மகள்தான் அடுப்படிக் குப்பையிலிருந்து கசங்கிய வெள்ளித்தாளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். டிரமடோல். பல்லுவலி நிற்கவில்லை என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார். அந்திக்குக் கொஞ்சம் சாராயமும்.

டிரமடோல் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. 1977இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மோர்பினை விட வலுக் குறைவு என்பதால் பயமில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் இதற்கு இரண்டு முகம். ஒரு முகம் மோர்பினைப் போல வலியை அடக்கும், மயக்கும், அளவு மீறினால் மூச்சையும் அடக்கும். மற்ற முகம் மூளைக்குள் சில இரசாயனங்களைக் கூட்டிவிட்டு நரம்பைக் கிளப்பும். வலிப்பு வருவது அந்தப் பக்கத்திலிருந்து. பெரும்பாலும் குளிசை போட்ட சில மணித்தியாலங்களுக்குள் வந்துவிடும். முன்பு ஒரு நாளும் வலிப்பு வராதவருக்கும் வரலாம். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவருக்கும், தலையில் அடிபட்டவருக்கும், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கும் டாக்டர் சொன்ன அளவிலேயே வரக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. வயதானவருக்கும், சிறுநீரகமோ ஈரலோ பழுதானவருக்கும் அதிலும் குறைவு.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின் என்ற சின்னக் குளிசை கொடுப்பார்கள். அதோடு டிரமடோலைச் சேர்த்தால் வலிப்புக்கு இன்னும் வாசல் திறக்கும். டவுன் பாமசியில் வலிக் குளிசை கேட்கும்போது கிளினிக் கொப்பியையும் கையோடு காட்டுங்கள்.

அன்றைக்கு அவரை இடப்பக்கமாகச் சரித்து, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி கொழுந்து லொறியில் ஏற்றினோம். வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில், அபின் வகை மருந்தை முறிக்கும் நலொக்சோன் ஊசி போட்டதும் மூச்சு ஏறியது. ஆனால் அந்த ஊசி டிரமடோல் வலிப்பை நிறுத்தும் என்று நம்ப முடியாது. வலிப்புக்கு டயசிபாம் தனியாகப் போட்டார்கள். நலொக்சோனின் வேகம் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். குளிசையோ உடம்பில் அதைவிட நேரம் நிற்கும். அதனால் கண் விழித்தவரை உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். "நல்லாத்தானே பேசுறாரு, துண்டு வெட்டுங்க" என்று வார்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

டிரமடோலோடு பரசிட்டமோலும் சேர்ந்த வலிக் குளிசைகள் இருக்கின்றன. பனடோலும் பரசிட்டமோல்தான். நம் ஆட்கள் பனடோலை மருந்தென்றே கணக்கில் எடுப்பதில்லை, அதன்மேல் இதையும் போடுவார்கள். அளவு மீறினால் முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும். ஈரல் பழுதானது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். மாற்று மருந்து உண்டு, முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் நன்றாக வேலை செய்யும். ஆகவே நோயாளி சாதாரணமாகத் தெரிந்தாலும் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அரை மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும்.

இதைக் கேட்டுவிட்டு, புற்றுநோய்க்காக டாக்டர் எழுதிய மோர்பினை அலமாரியில் ஒளித்து வைத்துவிடாதீர்கள். வலியில் துடிக்கும் மனிதருக்கு அது பெரிய உதவி. நாள்பட்ட வலிக்கு டிரமடோல் எடுப்பவரும் டாக்டரைக் கேட்காமல் திடுமென நிறுத்தக் கூடாது.

என் பங்கும் இதில் உண்டு. முதுகில் கூடை சுமந்து இடுப்பு உடைந்து வந்த எத்தனையோ பெண்களுக்கு, பெயர் எழுதாத கவரில் நானும் குளிசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். "வாசிக்கவா போறாங்க" என்ற நினைப்பு. அந்தச் சின்னப் பிள்ளை வெள்ளித்தாளை நீட்டிய இரவுக்குப் பிறகுதான் பெயர் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் கேட்டு எழுதி வாங்குங்கள். யாராவது மனம் வெறுத்து குளிசைகளை மொத்தமாக விழுங்கியிருந்தால், திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. மனம் தாங்காத வேளையில் பேசுவதற்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் சாமான்களை ஒதுக்குங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், சாவியும் வேண்டாம். ஆட்டம் நின்றதும் பக்கவாட்டில் சரித்து, முகத்தை மூடாமல் மூச்சை எண்ணுங்கள்.

அன்றைக்கு எங்களுக்கு லொறிதான். இன்றைக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஆனால் லயத்துக்கு வீட்டு இலக்கம் சொல்லி யாரும் வந்து சேர மாட்டார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மேல் லயமா கீழ் லயமா, பக்கத்தில் கோயிலா பிள்ளைக்காம்பராவா என்று சொல்லுங்கள். வெள்ளித்தாளையும் கவரையும் எடுத்துப் பையில் போடுங்கள். ஒருத்தரை டார்ச்சோடு ரோட்டு முனைக்கு அனுப்பி வையுங்கள்.