வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 30 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். ஒரு காய்ச்சலில் இருந்து தொடங்குகிறேன்.

மழை விட்டு குளிர் ஆரம்பித்திருந்த சமயம். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவார கிராமத்தில் இருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். ஆறாவது நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. வார்டில் சேர்த்த மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போல ஒரு கரும்புண்ணைக் கண்டுபிடித்தார்கள். ஸ்க்ரப் டைபஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வோம். புதர்களில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ் என்று துணி மறைக்கும் இடங்களில்தான் அந்தப் புண் பெரும்பாலும் இருக்கும். டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், அந்த அம்மா பிழைத்தார்.

வார்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, துணி மாற்றிவிடும் ஆயா அக்கா மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புண்ண நான் மொத நாளே பாத்தேன் சிஸ்டர். சூடு போட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டேன்."

எனக்கு இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. நோயைக் காட்டும் அடையாளம் எங்கள் வார்டுக்குள்ளேயே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் சொல்ல ஒரு இடம் இல்லை, கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு வேலூர் புதிய ஊரும் இல்லை. அந்தக் காய்ச்சல் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று இந்தியாவில் ஏழு மையங்களில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வுக்கு முன்னின்றதே வேலூர் மருத்துவர்கள்தான். அவ்வளவு அறிவு இருக்கும் ஊரில், 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு வார்டில் சேலையை விலக்கிப் பார்க்கவில்லை என்றால் குறை எங்கே? அறிவு ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நடந்து வருவதற்கு நாங்கள் பாதை போடவில்லை.

அதற்குப் பிறகுதான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார ஆரம்பித்தோம். டாக்டர், செவிலியர், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், கிராம சுகாதார செவிலியர், ஆயா, 108 ஊழியர் என்று எல்லோரும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். சொன்னால் சின்ன விஷயம், ஆனால் மேஜைக்குப் பின்னால் டாக்டர் உட்கார்ந்தால் அது ஆய்வுக் கூட்டம் ஆகிவிடும், ஆயா அக்கா சுவரோரம் நின்றுவிடுவார்.

முதல் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. மெமோ வருமோ என்ற பயம். மூன்றாவது மாதம் எங்கள் டாக்டர் தானே எழுந்து, "போன வாரம் ஒரு கேஸை நான் தவறவிட்டேன்" என்று முழுசாகச் சொன்னார். அன்றைக்குத்தான் கூட்டம் பிறந்தது என்று நான் சொல்வேன். மூத்தவர் தன் தவறைச் சொன்ன பிறகுதான் இளையவருக்குத் தைரியம் வரும். தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தார் என்று குடும்பத்தாரையும் கேட்டுத் தணிக்கை செய்கிறோம். மிக நல்ல பழக்கம். ஆனால் இறப்பு வரைக்கும் காத்திருக்காமல், பிழைத்தவர்களைப் பற்றியும் இப்படி உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது? நோயாளியின் பெயர் வரக்கூடாது, வாட்ஸ்அப்பில் புண்ணைப் படம் எடுத்துப் போடக்கூடாது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு கேஸ். அந்த நோயாளியை அதிக நேரம் தொட்டுப் பார்த்தவர் முதலில் பேசுவார், பெரும்பாலும் அது ஆயாவோ செவிலியரோதான். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் முடிவாகும். எங்கள் முதல் மாற்றம்: காய்ச்சல் என்று வருகிறவர்களைத் திரை போட்டு, தலை முதல் கால் வரை பார்ப்பது. லாங் சைஸ் நோட்டில் இரண்டு வரி எழுதுவோம். அடுத்த மாதம் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் டீயே வரும்.

தூரத்தில் இருப்பவர்களும் சேரலாம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் 2003-இல் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர், ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய் வந்தவர்களைக் கிராமத்து மருத்துவர்களே பார்க்கும்படி, வாராவாரம் வீடியோ வழியாகக் கேஸ் பேசும் வழக்கத்தைத் தொடங்கினார். 2011-இல் வந்த ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கும், இந்தக் கிராமத்து மருத்துவர்களிடம் 58.2 சதவீதம் பேருக்கும் நோய் குணமாகியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

இத்தகைய கூட்டம் சாவது ட்ரான்ஸ்ஃபரில்தான். ஆர்வமுள்ள ஒருவர் போனதும் நாற்காலிகள் அடுக்கப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் நடத்துபவரை மாற்றினோம். அப்புறம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்துக்கொண்டோம்.

அப்படிச் சேர்ந்த ஒரு லேப் டெக்னீஷியன் தம்பி ஒருநாள் கேட்டார்: "பாம்புக்கடிக்கு ரத்தம் உறையுதான்னு பாக்குற கண்ணாடி டியூபை நீங்க எதுல கழுவுறீங்க?" சோப்புத் தூளில் என்றோம். இரண்டு மில்லி ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் சோதனை அது. சோப்பு ஒட்டிய டியூபில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம், தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றிவிடுவோம் என்றார். அன்று மாலையே ஆயா அக்கா, சோப்பே படாத புது டியூப்களை ஒரு தனி டப்பாவில் எடுத்து வைத்து, மூடியில் பாம்பு படம் வரைந்து ஒட்டினார்.

வணக்கம்.