ஹென்றி ராஜாவின் விவாகரத்தும் ஆங்கிலிக்கன் சபையும்

அடுத்த கேள்வி. "நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. ராஜாவுக்கு விவாகரத்து கிடைக்காததால் உண்டான சபைதானே உங்களுடையது என்று என் கத்தோலிக்க நண்பர் கிண்டல் செய்கிறார். என்ன பதில் சொல்வது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

நண்பர் சொல்வது பாதி உண்மை, தம்பி. முதலில், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி கேட்டது விவாகரத்து இல்லை. மனைவி கேத்தரினோடு நடந்த கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கச் சொன்னார். கேத்தரின் அவருடைய அண்ணன் ஆர்தரின் விதவை. 1502இல் ஆர்தர் இறந்த பிறகு, போப்பின் விசேஷ அனுமதியோடு 1509இல் ஹென்றி அவரைக் கட்டினார். உயிரோடு நின்றது மேரி என்ற ஒரே மகள்தான். ஆண் வாரிசு இல்லை. ஆன் பொலின் என்ற அரண்மனைப் பெண் மேலும் மனது போய்விட்டது. அப்போதுதான் ராஜாவுக்கு லேவியராகமம் 20:21 உறுத்தத் தொடங்கியது: சகோதரன் மனைவியை எடுப்பவனுக்குப் பிள்ளை இராது. ஆனால் உபாகமம் 25, பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியைக் கட்டச் சொல்கிறதே! அதை அவர் வசதியாகத் தள்ளிவிட்டார்.

சரி, போப் ஏன் இழுத்தடித்தார்? வேதம் மட்டும் காரணமில்லை. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடி, போப் ஏழாம் கிளமென்ட்டைச் சிறை வைத்தது. அந்தச் சார்லஸ் யார்? கேத்தரினின் அக்காள் மகன். சித்தியைத் தள்ளிவைக்க அவர் விடுவாரா?

அப்புறம் ஹென்றி பாராளுமன்றத்தைப் பிடித்தார். 1533இல் ரோமுக்கு அப்பீல் போவதே தடை. பேராயர் கிரான்மர் பழைய கல்யாணம் செல்லாது என்று தீர்த்தார். 1534இல் ராஜாவே இங்கிலாந்து சபைக்குத் தலைவர். அதைத்தான் ஆங்கிலிக்கன் சபை என்கிறோம். அதை ஏற்காத முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் தலை 1535இல் போனது. மடங்களின் சொத்து கஜானாவுக்கு வந்தது.

ஆனால் உபதேசம்? 1521இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரை எதிர்த்துப் புத்தகம் போட்டு, போப்பிடம் 'விசுவாசத்தின் காவலர்' பட்டம் வாங்கியவர் இவர். 1539இல்கூட, குருமார் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டார். கிரான்மருக்கே ரகசியமாக ஒரு மனைவி இருந்தது வேறு விஷயம்! ஆங்கில ஜெப புத்தகம், குருமார் திருமணம் எல்லாம் ஹென்றி இறந்த பிறகு, பின்னால் வேறு மனைவியிடம் பிறந்த மகன் எட்வர்ட் காலத்தில், 1549இல் வந்தவை. அடுத்து ராணியான கேத்தரினின் மகள் மேரி நாட்டைத் திரும்பவும் ரோமோடு சேர்த்தார். அவருக்குப் பின் ராணியான ஆன் பொலினின் மகள் எலிசபெத் 1559இல் மறுபடி பிரித்தார்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 1947இல் பல சபைகள் சேர்ந்து உண்டானது சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் அதில் ஒரு பங்குதான்.