மூன்று முறை கூப்பிட்டாயிற்று

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோர்ட் வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். டவாலி வெளியே வந்து பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வராவிட்டால் பிடிவாரண்ட். அடுத்த கேஸ். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. வக்கீலாக இருந்த காலமெல்லாம் என்னை உறுத்திய இரண்டு நிமிஷம் அது.

எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். காட்பாடிப் பக்கத்துப் பையன், சின்னத் திருட்டுக் கேஸ். டவாலி கூப்பிடுகிறார். பையன் தூணோரமாகத்தான் நிற்கிறான், மாத்திரைச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக. வாய் திறக்கவில்லை. அம்மா ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். வாரண்ட் ஆகிவிட்டது. ‘ஏம்பா, காதுல விழலையா?’ என்றேன். ‘எனக்கு எப்பவுமே யாரோ கூப்பிடுறாங்க சார். பதில் சொல்லாதேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு’ என்றான்.

சிரிக்காதீர்கள். டாக்டர் பேச்சைக் கேட்டதற்கு வாரண்ட்! அதை ரத்து செய்ய மனுப் போட்டு, அந்த அம்மா இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார்.

நம் வேலூரில் தொரப்பாடி ஜெயிலும் பாகாயம் மனநல மருத்துவமனையும் பக்கம் பக்கம். இப்படி இல்லாத குரல் காதில் கேட்கிற மனநோய் உள்ளவர் எங்கே போய்ச் சேருவார் என்பது பல நேரம் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் முடிவாகிறது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வாரண்ட் போடுமுன் ‘ஏன் வரவில்லை, வீட்டார் யாராவது இருக்கிறார்களா, மருந்து சாப்பிடுகிறவரா’ என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவர் வராந்தாவில் நின்றாலே போதும்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவைப் பாருங்கள். முன்னால் நிற்பவருக்கு மனநோய் இருக்கலாம் என்று தோன்றினாலே, மாஜிஸ்திரேட் அவரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், 10 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கவும் உத்தரவிடலாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் பிரோவார்ட் கவுண்டியில் 1997லேயே இதற்கென்று தனி நீதிமன்றம் வைத்துவிட்டார்கள். நமக்குத் தனிக் கட்டடமெல்லாம் வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கூப்பிட்டும் வராதவர் கதை இது. கூப்பிடவே படாதவரும் உண்டு. அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951ல் கைது செய்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967ல் குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? ஜெயிலுக்கு. விசாரணையே நடக்கவில்லை. 2005ல் வெளியே விட்டபோது 54 வருஷம் ஓடியிருந்தது. ஜாமீன் தொகை எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. குடும்பத்தார் கோர்ட்டுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். சரி, சுருக்கமாக: பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் வாய்தாவிலேயே வக்கீலிடம் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா, இலவச சட்ட உதவிக்கு 15100. அப்புறம், மனநல ஆலோசனைக்கு 14416. வணக்கம்.