சிகாகோ தன் தெருவோரத்தை 75 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்ட கதை

[திரையில்: லூப் பகுதித் தெரு, பார்க்கிங் மெஷின் நெருக்கத்தில்]

சிகாகோ நகரத்தோட மையப் பகுதி, லூப்னு சொல்லுவாங்க. அங்க ஒரு தெருவோரமா காரை நிறுத்திட்டு மெஷின்ல கார்டு போடுறீங்க. தெரு மாநகராட்சியோடது. பனி அள்ளுறதும் குழி அடைக்கிறதும் மாநகராட்சி செலவு. ஆனா மெஷின்ல விழுற காசு மட்டும் சிகாகோ பார்க்கிங் மீட்டர்ஸ்ங்கிற தனியார் கம்பெனிக்குப் போகுது. மார்கன் ஸ்டான்லிங்கிற முதலீட்டு வங்கி முன்ன நின்னு ஆரம்பிச்ச கம்பெனி. அபுதாபி அரசோட முதலீட்டு நிதியும் ஜெர்மனியோட அலையன்ஸ் காப்பீட்டுக் கம்பெனியும் பின்னால பணம் போட்டாங்க. குத்தகை 2083 வரைக்கும் இருக்கு.

இது எப்படி நடந்துச்சுன்னு பாக்கணும்னா 2008 டிசம்பருக்குப் போகணும்.

அப்ப மேயர் ரிச்சர்ட் எம். டேலி. 1989-ல பதவிக்கு வந்தவரு. அவரோட அப்பாவும் இதே ஊருக்கு 1955-லருந்து 1976 வரை மேயர். வீட்டுச் சொத்தே மேயர் நாற்காலிதான்னு சொல்ற அளவுக்கு அந்த ஊர் அவங்க கையில. ஆனா பட்ஜெட்ல பெரிய ஓட்டை. வீட்டு விலை சரிஞ்சதால வரி வருமானம் படுத்துடுச்சு. ஓய்வூதிய நிதிகள்ல போட வேண்டிய பணமும் பல வருஷமா பத்தல. இதுக்கு நேர் வழி சொத்துவரியை ஏத்துறது. முந்தின வருஷம்தான் ஏத்தி மக்கள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. திரும்பவும் அதே பேச்சை எடுக்க யாருக்கும் மனசில்ல.

குத்தகை விடுறது அந்த மாநகராட்சிக்குப் புதுசும் இல்ல. 2005-ல ஸ்கைவேங்கிற சுங்கச் சாலையை 99 வருஷத்துக்கு 183 கோடி டாலருக்குக் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் நிலத்தடி கார் நிறுத்தங்களை 56 கோடி டாலர் சொச்சத்துக்கு. மிட்வே விமான நிலையத்தையும் 252 கோடிக்குப் பேசி முடிச்சாங்க, ஆனா நிதி நெருக்கடியில எடுக்க வந்தவங்களுக்குக் கடன் கிடைக்காம 2009-ல அது கவுந்துடுச்சு. மிட்வே தப்பிச்சது நல்ல நேரம்னுதான் நான் சொல்லுவேன்.

[திரையில்: நாட்காட்டி, டிசம்பர் 2, 3, 4]

மீட்டர் ஒப்பந்தத்தை டேலி அறிவிச்சது டிசம்பர் 2-ஆம் தேதி. சுமார் 36,000 மீட்டர், 75 வருஷம், 115 கோடி டாலர். டிசம்பர் 4-ஆம் தேதி நகர மன்றத்துல ஓட்டெடுப்பு. ஆதரவு 40, எதிர்ப்பு 5. நடுவுல ஒரே ஒரு நாள், அன்னைக்குத்தான் நிதிக்குழுக் கூட்டம். ஓட்டுப் போட்ட கவுன்சிலர்கள் பலர் அதுல மூணு தலைமுறையோட வருமானம் போகுதுன்னு உக்காந்து கணக்குப் போட்டிருக்கவே முடியாது.

கணக்குப் போட்டவர் ஒருத்தர் உண்டு, ஆனா ஆறு மாசம் கழிச்சு. டேவிட் ஹாஃப்மன். நகர நிர்வாகத்தை உள்ளிருந்தே தணிக்கை பண்ற இன்ஸ்பெக்டர் ஜெனரல். 2009 ஜூன்ல அவர் அறிக்கை வந்துச்சு. மீட்டரை நகரமே வச்சிருந்து அதே கட்டண உயர்வைக் கொண்டு வந்திருந்தா, 75 வருஷ வருமானத்தோட இன்றைய மதிப்பு சுமார் 213 கோடி டாலர்னு சொன்னார். அப்படின்னா கிட்டத்தட்ட 97 கோடி டாலர் குறைவா கொடுத்துட்டாங்க. 2050-ல வரப்போற ஒரு டாலருக்கு இன்னைக்கு என்ன விலைங்கிறது எந்த வட்டி விகிதத்தை வச்சுக் கழிக்கிறோம்ங்கிறதைப் பொறுத்து மாறும். மேயர் தரப்பு அதைப் பிடிச்சுக்கிட்டுதான் அறிக்கையை மறுத்துச்சு. மறுக்கட்டும். ஆனா ஓட்டெடுப்புக்கு முன்னாடியே இந்தக் கணக்கு கவுன்சிலர்கள் கையில இருந்திருக்கணுமா வேண்டாமா?

[திரையில்: 25 சென்ட் காசுகள் அடுக்கு]

மக்களுக்கு உறைச்சது கட்டணத்துலதான். நிறைய குடியிருப்புப் பகுதிகள்ல மணிக்கு 25 சென்ட் இருந்தது, 2009-ல 1 டாலர், 2013-ல 2 டாலர். லூப்ல 3 டாலர்லருந்து 3.50, போகப்போக 6.50. அப்ப பழைய மீட்டர்கள் காசு போடுற மீட்டர்கள். லூப்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தணும்னா 25 சென்ட் காசு 28 வேணும். உண்டியல் மாதிரி நிறைஞ்சு மீட்டர் அடைச்சுக்கிச்சு. காசு உள்ள போகாது, ஆனா கார்ல அபராதச் சீட்டு தொங்கும். கோவத்துல சிலர் மீட்டரையே உடைச்சாங்க.

கட்டணத்தையும் 97 கோடியையும் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க. என்னைக் கேட்டா ஒப்பந்தத்துல அதைவிட மோசமான பக்கம் வேற இருக்கு. ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் இவ்வளவு வருமானம் வரும்னு ஒரு மதிப்பு போட்டு வச்சிருக்காங்க. சாலை வேலை, ஊர்வலம், திருவிழா எதுக்காகவாவது நகரம் அந்த இடத்தை அனுமதிச்ச அளவுக்கு மேல மூடுனா, கம்பெனிக்கு ஈடு கட்டணும். சைக்கிள் பாதை போடணும்னா, எடுக்குற இடங்களுக்கு ஈடா வேற எங்கயாவது மீட்டர் வச்சுக் கொடுக்கணும், இல்லன்னா பணம். போக்கியத்துக்கு விட்ட வீட்டுல ஆணி அடிக்க, குடியிருக்கிறவருக்கு வீட்டுக்காரர் காசு கொடுக்கிற நிலைமை. மாற்றுத்திறனாளிகள் அட்டை வச்சு இலவசமா நிறுத்துன கார்களுக்குக்கூட கம்பெனி நகரத்துக்கு பில் அனுப்புச்சு.

டேலிக்கு அப்புறம் வந்த ராம் இமானுவேல் அந்த பில்களை எதிர்த்துச் சண்டை போட்டு, 2013-ல ஒப்பந்தத்தைக் கொஞ்சம் திருத்துனார். மையப் பகுதிக்கு வெளிய ஞாயித்துக்கிழமை இலவசம் ஆச்சு. பதிலுக்கு மத்த நாள்ல ராத்திரி கட்டண நேரம் நீண்டுச்சு. ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில வாங்கிக்கிட்டாங்க.

சரி, அந்த 115 கோடி என்னாச்சு? 40 கோடியைத் தொடாம வச்சு, அதோட வட்டியில பழைய மீட்டர் வருமானத்தை ஈடுகட்டலாம்னு திட்டம். அந்த வருமானம் வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர்தான். மீதியைப் பல வருஷத்துக்குப் பிரிச்சு செலவு பண்றதா பேச்சு. ஆனா பட்ஜெட் ஓட்டை வருஷா வருஷம் வாயைத் திறந்துச்சு, தொடக்கூடாத 40 கோடியையும் தொட்டாங்க. 2010 கடைசியில டேலி தன்னோட கடைசி பட்ஜெட்டைப் போடும்போது மிச்சம் சுமார் 7.6 கோடி டாலர். ரெண்டே வருஷம்! தள்ளிப்போட்ட சொத்துவரி உயர்வு 2015-ல இமானுவேல் காலத்துல வந்தே தீர்ந்துச்சு, 50 கோடி டாலருக்கு மேல, பெரும்பகுதி போலீஸ், தீயணைப்பு ஊழியர்களோட ஓய்வூதியத்துக்கு.

கம்பெனி பக்கம் பாருங்க. 2022-ல வெளிவந்த தணிக்கைக் கணக்குப்படி போட்ட முதல் முழுசும் திரும்பி வந்தாச்சு, அதுக்கு மேல சுமார் 50 கோடி டாலர். குத்தகையில அப்ப இன்னும் 61 வருஷம் பாக்கி.

கோர்ட்டுக்கும் போய்ப் பாத்தாங்க. போட்டியே இல்லாத ஏகபோகம்னு கார் ஓட்டுறவங்க சிலர் தொடுத்த வழக்கை, 2023-ல ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்கல. மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரத்துல நகரம் செஞ்ச ஒப்பந்தம், போட்டிச் சட்டம் இதைத் தொடாதுன்னு சொல்லிடுச்சு.

[திரையில்: இண்டியானாபோலிஸ் வரைபடம்]

பக்கத்து மாநிலத்துல இருக்கிற இண்டியானாபோலிஸ் 2010-ல தன் மீட்டரைக் குத்தகைக்கு விட்டுச்சு. 50 வருஷம். முன்பணம் 2 கோடி டாலர்தான் வாங்குனாங்க. அதுக்குப் பதிலா மீட்டர் வருமானத்துல ஒவ்வொரு வருஷமும் நகரத்துக்குப் பங்கு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, ஈடு கொடுத்துட்டு வெளிய வர ஒரு வாசலும் எழுதி வச்சுக்கிட்டாங்க.

சிகாகோ இருக்கிற இலினாய்ஸ் மாநிலத்துல அரசு ஊழியர் ஓய்வூதியத்தைக் குறைக்கவே முடியாதுன்னு 1970 அரசியல் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. சிகாகோவோட பணக்கஷ்டத்துல பாதி அங்கதான் சிக்கிக் கிடக்கு. அடுத்த வீடியோ அதைப் பத்தி.