மஞ்சள் அட்டை காட்டிய இரண்டாம் பாகம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அழகாகப் பேசி முடித்திருக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும், காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டு அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நம் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

நேசித்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வந்தால் கிடைப்பது நிறைவா, ஏமாற்றமா என்பது தலைப்பு. ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "கையில் அடங்குகிற சின்னப் பெட்டிக்குள் அவ்வளவுதான் கொள்ளும். அதில் போய்ப் பெரிய விளையாட்டைத் தேடிவிட்டு ஏமாந்தேன் என்றால் குறை உங்களுடையது" என்றார். தங்கை, "இரண்டாம் பாகம் சின்னப் பிள்ளைகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்ததே, அது போதாதா?" என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பத்து விளையாட்டுகளை மேலோட்டமாகத் தொட எனக்கு விருப்பமில்லை. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

1997இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கும்பகோணத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆட விட்ட கடைகளில் எங்கள் வயதுப் பையன்கள் பந்தயக் கார் ஓட்டினார்கள், குத்துச்சண்டை போட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு மூலையில் இதை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்போம். இது யோசிக்கிற விளையாட்டு. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு போர்க்களம், மேடும் பள்ளமுமாக இருக்கும். அவரவர் வேகத்தைப் பொறுத்து நம் ஆளுக்கும் எதிரியின் ஆளுக்கும் முறை வரும். மேட்டில் நின்று அம்பு விட்டால் தூரம் போகும், முதுகுப்பக்கம் தாக்கினால் பெரும்பாலும் தப்பாமல் படும். பெரிய மந்திரம் என்றால் ஓதி முடிக்க நேரம் பிடிக்கும். ஓதி முடிப்பதற்குள் எதிரி நகர்ந்துவிடலாம், குறி வைத்த கட்டத்தில் நம் ஆளே வந்து நின்றுவிடலாம். ஒவ்வொருவருக்கும் 'நம்பிக்கை' என்று ஓர் எண் உண்டு. அது கூடினால் அவர் ஓதும் மந்திரம் பலமாக விழும். எதிரி ஓதுகிற மந்திரமும் அவர் மேல் அதே பலத்தோடு விழும். எதுவும் இலவசமாகக் கிடைக்காது.

விளையாட்டு என்றால் வெறும் அடிதடி என்று நினைக்கிற பெரியவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். ஐவலிஸ் என்று ஒரு நாடு. ஐம்பது ஆண்டுப் போரில் தோற்று, பணமில்லாமல், போர்வீரர்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் கிடக்கிறது. இரண்டு பிரபுக்கள் ஆளுக்கொரு வாரிசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரியணைக்கு மோதுகிறார்கள். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை ராம்ஸா. அதே வீட்டில் வளர்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை டெலிட்டா. இருவரும் உயிர் நண்பர்கள். ஒருநாள் டெலிட்டாவின் தங்கையைக் கலகக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் ஒரு கோட்டை வாசலில் பணயமாக நிறுத்துகிறார்கள். ராம்ஸாவின் அண்ணன், அவள் குறுக்கே நிற்கிறாள் என்று தெரிந்தே அம்பு விடச் சொல்கிறார். அவள் விழுகிறாள். குலத்தில் பிறக்காத பெண்ணின் உயிருக்கு அந்த மாளிகை போட்ட மதிப்பு அவ்வளவுதான். ராம்ஸா வீட்டை விட்டுப் போகிறான். டெலிட்டா எல்லோரையும் பகடைக்காயாக உருட்டி, கடைசியில் ராஜாவாகிறான். நாட்டைக் காப்பாற்றிய ராம்ஸாவோ மதத் துரோகி என்று ஏட்டில் ஏறுகிறான். உண்மையை எழுதி வெளியிட்டவரைத் தேவாலயம் உயிரோடு கொளுத்துகிறது. பல தலைமுறை கழித்து, அந்த மறைக்கப்பட்ட ஏடுகளை வைத்து ஒரு வரலாற்று ஆசிரியர் நமக்குச் சொல்கிற கதைதான் இந்த விளையாட்டு.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரை, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். அதைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யார் பெயர் கல்லில் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதன் கனம் காவிரிக்கரைக்காரனுக்குத் தெரியும். அதனால்தான் ஆங்கிலம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்த வயதிலேயே ராம்ஸா எங்களுக்குள் இறங்கிவிட்டான்.

இந்த விளையாட்டின் பேரில்தான், ஐயா, 2003இல் 'டாக்டிக்ஸ் அட்வான்ஸ்' வந்தது. நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸில், கையில் வைத்து ஆடுகிற பெட்டியில். முதல் ஆட்டத்தை எழுதி இயக்கிய யசுமி மட்சுனோ இதில் தயாரிப்பாளர், இயக்கியவர் வேறொருவர். நம் ஊருக்குக் கேம் பாய் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். சிங்கப்பூரிலிருந்து ஒரு சித்தப்பா, துபாயிலிருந்து ஒரு மாமா, பெட்டிக்குள் சோப்பு, தைலத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. மின்சாரம் போன இரவிலும் ஆடலாம், மயிலாடுதுறை பாசஞ்சரில் உட்கார்ந்துகொண்டும் ஆடலாம். இந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஹிட்டோஷி சகிமோட்டோவின் இசை அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலும் மனதைத் தொட்டது. ஐந்து இனங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள், கண்ணைப் பறிக்கிற வண்ணங்கள். எல்லாம் சரி.

அப்புறம் நீதிபதி வந்தார்.

ஒவ்வொரு சண்டையிலும் குதிரை போன்ற பெரிய பறவையின் மேல் கவசத்தோடு ஒரு நீதிபதி களத்தில் நிற்பார். அன்றன்றைக்கு ஒரு விதி. இன்று நெருப்பு மந்திரம் கூடாது, நாளை வாள் கூடாது, நாளை மறுநாள் பை மருந்து கூடாது. மீறினால் கால்பந்தில் காட்டுகிற மாதிரி மஞ்சள் அட்டை, சண்டை முடிந்ததும் அபராதம். தடை செய்த வழியில் எதிரியை வீழ்த்திவிட்டால் நேராகச் சிவப்பு அட்டை, நம் ஆள் சிறைக்குப் போவார். கதாநாயகன் சிறைக்குப் போனால் ஆட்டமே முடிந்தது.

நடுவர் ஐயா, உங்கள் இருக்கையை வைத்தே சொல்கிறேன். இந்த மேடையில் என்னைப் பேச அழைத்துவிட்டு, "இன்றைக்கு எதிரணியின் கருத்தை மறுத்துப் பேசக் கூடாது, மறுத்தால் மஞ்சள் அட்டை" என்று நீங்கள் விதி போட்டால் நான் என்ன செய்வேன்? வீட்டில் உட்கார்ந்து தயாரித்த பேச்சையெல்லாம் மடித்துவிட்டு, நாளைக்கு வேறு விதி வரும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த விளையாட்டில் நாங்கள் செய்தது அதுதான். வில்லாளிகளை ஒவ்வொருவராகப் பயிற்றுவித்து ஓர் அணி கட்டியிருப்போம். அன்றைய விதி அம்புக்குத் தடை என்று வரும். வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்ந்தால் ஒரு நாள் கழியும். அதனால் வேலையே இல்லாமல் அங்கும் இங்கும் நடந்து, விதி மாறிய பிறகு சண்டைக்குப் போவோம். போர்த்தந்திர விளையாட்டில் தந்திரம் என்பது நாள் கடத்துவது என்று ஆனது.

விதியை வைத்ததற்குக் கதையில் காரணம் இருக்கிறது என்று எதிரணி சொல்லலாம். இருக்கிறது. அந்த உலகமே மியூட் என்ற சிறுவனின் ஆசையிலிருந்து பிறந்தது, நீதிபதிகளுக்குத் தலைவராக வருபவர் அவனுடைய அப்பா. விதியை ரத்து செய்யும் அட்டைகளும் பின்னால் கிடைக்கும். ஆனால் கதைக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஆடுகிறவனின் மூளையைக் கட்டிப்போடுவது நியாயமாகிவிடாது. முதல் விளையாட்டில் தடை என்பது களத்திலேயே இருந்தது. மேடு, தூரம், நேரம், நம்பிக்கை. எல்லாம் நம் கண்முன் இருக்கும், நாம் கணக்குப் போட்டு வெல்லலாம். இரண்டாவதில் மந்திரம் ஓதக் காத்திருக்கிற நேரத்தை எடுத்துவிட்டார்கள், நம்பிக்கை எண்ணை எடுத்துவிட்டார்கள். களத்தின் கனத்தைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் மேலே இருந்து ஓர் அட்டையைச் செருகினார்கள்.

என் மனதுக்குப் பெரிய வலி இன்னொன்று. முதல் விளையாட்டில் நம் ஆள் விழுந்தால் அவர் தலைக்கு மேல் மூன்று என்று எண் வரும். அவருடைய முறை வரும்போதெல்லாம் அது குறையும். தீர்வதற்குள் யாராவது ஓடிப்போய் எழுப்பவில்லை என்றால் அவர் போனவர்தான். அந்த இடத்தில் ஒரு படிகமோ பெட்டியோ மட்டும் மிஞ்சும். எத்தனை சண்டைகளைச் சேர்ந்து கண்டிருந்தாலும் திரும்ப வரமாட்டார். கடையில் நேரம் முடிகிறது என்று அண்ணன் குரல் கொடுத்துக்கொண்டிருப்பார், நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம். போர் என்றால் இழப்பு என்பதை ஒரு விளையாட்டு எங்களுக்கு அப்படிச் சொன்னது. டெலிட்டாவின் தங்கை விழுந்தபோது எங்களுக்கு வலித்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாவு அந்த உலகத்தில் நிஜமாக இருந்தது.

அட்வான்ஸில் நீதிபதி இருக்கும் களத்தில் யாரும் சாக மாட்டார்கள். விழுந்தவர் சண்டை முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார். நீதிபதி இல்லாத சில காட்டுப் பகுதிகளில் மட்டும் சாவு உண்டு, அங்கே போவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதாவது, விதியை மீறினால் சிறை, ஆளைப் பறிகொடுத்தால் ஒன்றுமில்லை. ஒரு போர் விளையாட்டு எதைப் பெரிதாக நினைக்கிறது என்று இதிலேயே தெரிகிறதே!

கதைக்கு வருகிறேன். இதில் நான் நியாயமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையின் வித்து நல்ல வித்து. மார்ஷ் என்ற பையன், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி டோனெட், அம்மாவை இழந்த மியூட், தலைமுடி வெள்ளையாகப் பிறந்ததை மறைத்துச் சாயம் பூசும் ரிட்ஸ். ஒரு பழைய புத்தகத்தைத் திறக்கிறார்கள், ஊரே கனவு உலகமாக மாறுகிறது. அங்கே தம்பி ஓடுகிறான், மியூட்டுக்கு அம்மா இருக்கிறாள், ரிட்ஸுக்குச் சாயம் வேண்டியதில்லை. மார்ஷ் மட்டும் நிஜ உலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறான். நடக்கிற தம்பியை மறுபடி நாற்காலிக்குக் கூட்டிப்போக ஓர் அண்ணனுக்கு உரிமை இருக்கிறதா? எவ்வளவு பெரிய கேள்வி! ஆனால் அண்ணனும் தம்பியும் அதைப் பேசுகிற காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. மொத்தம் முந்நூறு பணிகள், அதில் கதையை நகர்த்துபவை இருபத்துச் சொச்சம். மற்றதெல்லாம் அதைத் தேடு, இதைக் கொண்டு வா, அவனை அடி. மூலிகை பறிப்பதில்தான் ஆரம்பிக்கிறது, இளவரசியைக் கடத்துவதில் தொடங்கிய முதல் விளையாட்டுக்குத் தொடர்ச்சி என்று வந்த ஒன்று. கேள்வி பெரிது, அதற்கு ஒதுக்கிய இடம் சிறிது. அதனால்தான் ஏமாற்றம் என்கிறேன். ஒன்றுமே இல்லாத கதையாக இருந்தால் தூக்கி வைத்துவிட்டுப் போயிருப்போம்.

பிள்ளைகளுக்காக எளிமையாக்கினார்கள் என்றார் தங்கை. பத்து வயதில் முதல் விளையாட்டை ஆடிய பிள்ளைகள் நாங்கள், அம்மா. எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, தோற்றோம், திரும்ப ஆடினோம். பிள்ளைகளால் முடியாது என்று முடிவு செய்தது பெரியவர்கள்.

சின்னப் பெட்டிக்குள் கொள்ளாது என்ற அண்ணனுக்கு வருகிறேன். 2007இல் அதே முதல் விளையாட்டு, கதை குறையாமல், புதிய காட்சிகளும் சேர்த்து, பிஎஸ்பி என்ற கையடக்கப் பெட்டிக்கு வந்தது. கையில் வைத்தே முழுதாக ஆடினோம். பிஎஸ்பி பின்னால் வந்த பலமான கருவி என்று அவர் சொல்வார். சரி, அதை விடுங்கள். அட்வான்ஸின் அடுத்த பாகமும் அந்த 2007இலேயே நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தது. அதில் விதியை மீறினால் சிறை கிடையாது. சலுகை போகும், விழுந்தவரை அந்தச் சண்டையில் எழுப்ப முடியாது, அவ்வளவுதான். சிறைத் தண்டனை அதிகம் என்று செய்தவர்களே உணர்ந்து தளர்த்தியிருக்கிறார்கள். 2025இல் மறுபடி ஒருமுறை மெருகேற்றிக் கொண்டுவந்தார்கள். எதை? 1997இன் விளையாட்டை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி அண்ணன் தொகுப்புரைக்கு எழும்போது எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அதே 2003இல், அதே கேம் பாய் அட்வான்ஸில், 'ஃபயர் எம்பளம்' வந்தது. அதுவும் கட்டம் போட்ட போர்க்களம்தான். விழுந்த வீரன் அதில் திரும்ப வரவே மாட்டான், ஒவ்வொரு வீரனுக்கும் பெயரும் முகமும் பேச்சும் உண்டு. அந்தச் சின்னப் பெட்டி அதற்கு இடம் கொடுத்ததே, அட்வான்ஸுக்கு மட்டும் எப்படி இடம் போதாமல் போனது? வணக்கம்.