ரெண்டு வருஷம் எதுலயும் மனசு ஒட்டல... இன்னைக்கு நியூயார்க் மியூசியத்துல! | மாற்றுத்திறனாளிகளோட கலைக்கு எது நிஜமான சப்போர்ட்?

[திரை முழுக்க நூல் சுற்றிய ஒரு பெரிய உருவம். மூணு விநாடி இசை இல்லை.]

இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம். கூடா? கூட்டுப்புழுவா? உள்ளுக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்குல்ல? ஒளிச்சுத்தான் வெச்சிருக்காங்க. இதே கை செஞ்ச இன்னொண்ணுக்குள்ள ஒரு முழு நாற்காலி இருக்கு. இன்னொண்ணுல சூப்பர் மார்க்கெட்ல தள்ளிட்டுப் போவோமே, அந்த டிராலி.

செஞ்சவங்க பேரு ஜூடித் ஸ்காட். டவுன் சின்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வர்ற, அறிவு வளர்ச்சியை மெதுவாக்கற ஒரு மரபணு மாற்றம். காது கேக்காது, பேச்சும் கிடையாது. 43 வயசு வரைக்கும் ஓவிய வகுப்பு வாசலைக்கூட மிதிச்சதில்ல. அவங்க செஞ்சது இன்னைக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு.

எப்படி? அதான் இன்னைக்கு வீடியோ. "மனசு வெச்சா எதுவும் முடியும்"னு வயலின் போட்டு முடிக்கிற வீடியோ இல்ல, அதனால டிஷ்யூ பேப்பரை உள்ள வெச்சிடுங்க.

[தலைப்பு அட்டை]

முதல்ல போரடிக்கிற பகுதி, ஓடிடலாம். உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் ஏதோ ஒரு மாற்றுத்திறனோட வாழறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2006-ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 30-வது பிரிவு, இவங்களோட படைப்புத் திறனை வளர்க்க அரசுகள் வழி செய்யணும்னு சொல்லுது. அதுவும் அவங்க நன்மைக்காக மட்டும் இல்லையாம், சமூகமே அதனால வளமாகும்ங்கறதுக்காகவும். ரொம்ப நல்ல பிரிவு. முடிஞ்சது. ஜூடித்துக்கு வருவோம்.

1943, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம். ரெட்டைப் பொண்ணுங்க. எப்பவும் ஒண்ணாவே திரிஞ்ச ஜோடி. ஒருத்தி ஜாய்ஸ், எந்தக் குறையும் இல்ல. இன்னொருத்தி ஜூடித். ஏழு வயசுல ஒருநாள் ஜாய்ஸ் தூங்கி எந்திரிச்சுப் பார்த்தா பக்கத்துப் படுக்கை காலி. ஜூடித்தை அரசு காப்பகத்துக்கு அனுப்பிட்டாங்க. அங்க பரிசோதனை பண்ணாங்க. கேள்வி கேட்டாங்க, பதில் வரல. "இவளுக்குக் கற்பிக்கவே முடியாது"ன்னு எழுதிட்டாங்க.

ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. அந்தப் பொண்ணுக்குக் காதே கேக்காது! கேள்வியே போய்ச் சேரல, பதில் வரலன்னு மார்க் போட்டிருக்காங்க. காது கேக்காதுங்கறதையே அங்க பல வருஷம் யாரும் கண்டுபிடிக்கல.

முப்பத்தஞ்சு வருஷம் காப்பகத்துலயே போச்சு. நடுவயசுல ஜாய்ஸ் போராடி, தானே காப்பாளர்னு சட்டப்படி பொறுப்பெடுத்து, கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. 1987-ல ஓக்லண்ட்ல இருக்கற கிரியேட்டிவ் குரோத்ங்கற கலைக்கூடத்துல சேர்த்துவிட்டாங்க. அது 1974-ல ஃபுளோரன்ஸ் கேட்ஸ், எலியாஸ் கேட்ஸ்னு ஒரு தம்பதி தங்களோட வீட்டு கராஜ்ல ஆரம்பிச்ச இடம். ஃபுளோரன்ஸ் ஓவியர், எலியாஸ் உளவியலாளர். மாற்றுத்திறனாளிகள் தினமும் வந்து வேலை பார்க்கற ஸ்டூடியோ.

இப்ப எல்லாரும் என்ன எதிர்பார்ப்பீங்க? வந்த உடனே பிரஷ்ஷை எடுத்தாங்க, எல்லாரும் வாயைப் பிளந்தாங்க, அப்படித்தானே? சினிமாவுல அப்படித்தான் நடக்கும். இங்க நடந்தது, ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஒண்ணும் நடக்கல. கலர் குடுத்தா ஏதோ கிறுக்குவாங்க, அதுல மனசு ஒட்டல. வருவாங்க, உட்காருவாங்க, போவாங்க.

அப்பவும் அந்த ஸ்டூடியோ அவங்களை வெளிய அனுப்பல. இந்த மொத்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நம்மள்ல எத்தனை பேர் மூணாவது மாசமே "பிள்ளைக்கு இதுல ஆர்வம் இல்லீங்க"ன்னு ஃபீஸைத் திரும்பக் கேட்டிருப்போம்?

அப்புறம் ஒருநாள், ஜவுளி நூல் வெச்சு வேலை பண்ற ஒரு கலைஞர் அங்க வகுப்பெடுக்க வந்தாங்க. மத்தவங்க ஊசி நூலோட உட்கார்ந்திருக்காங்க. ஜூடித் மட்டும் கிடந்த குச்சிகளை எடுத்து, சேர்த்து வெச்சு, நூலைச் சுத்த ஆரம்பிச்சாங்க. சுத்திக்கிட்டே இருந்தாங்க.

இந்த இடத்துல அந்த ஆசிரியர் "இல்லம்மா, ஊசியை இப்படிப் பிடி"ன்னு கையைப் பிடிச்சுத் திருத்தியிருந்தா? கதை அங்கயே முடிஞ்சிருக்கும். திருத்தல. இன்னும் நூல் குடுத்தாங்க. அவ்வளவுதான் அவங்க பண்ண "பயிற்சி".

[திரை: நூல் சுற்றும் கைகள், மிக அருகில்]

இப்ப கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல்ல உள்ள ஒரு பொருளை வெச்சுக்குவாங்க, கையில கிடைக்கற எதையும். அதைக் கட்டுவாங்க. மேல ஒரு நிறம், அதுக்கு மேல இன்னொரு நிறம், நடுவுல துணிக் கிழிசல், முடிச்சு, திரும்ப நூல். ஒரு உருவத்துக்கு வாரக்கணக்கு, மாசக்கணக்குன்னு ஆகும். ஒருதடவை நூல் இல்ல. சும்மா இருப்பாங்களா? கை துடைக்கற பேப்பர் துண்டுகளைக் கிழிச்சு, முடிச்சுப் போட்டு, வெள்ளை வெளேர்னு ஒரு முழு உருவத்தையே செஞ்சுட்டாங்க! அதையும் அப்புறம் மியூசியத்துல காட்சிக்கு வெச்சாங்க. பேப்பர் டவல்ங்க. நான் வாங்கினா டீ கொட்டினதைத்தான் துடைக்கிறேன்.

முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? உருவத்தைத் தள்ளி வெச்சிடுவாங்க. அடுத்தது. 2005-ல, 61 வயசுல இறந்துபோறதுக்குள்ள சுமார் 200 சிற்பங்கள். 2014-ல நியூயார்க் புரூக்ளின் மியூசியம் அவங்களுக்குன்னே ஒரு பெரிய கண்காட்சி நடத்துச்சு.

சரி, "இது ஏதோ ஒரு ஸ்பெஷல் கேஸ்"னு நினைக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு பேர்.

ஈவ்லின் கிளெனி, ஸ்காட்லாந்துல பிறந்த தாளவாத்தியக் கலைஞர். 12 வயசுக்குள்ள காது அநேகமா முழுசாப் போயிடுச்சு. பள்ளி ஆசிரியர் ஒருத்தர் வகுப்பறைச் சுவர்ல கைகளை வெச்சுக்கச் சொல்லி, பெரிய முரசுகளை அடிச்சுக் காட்டினார். எந்தச் சுருதி விரல் நுனியில அதிருது, எது மணிக்கட்டுல இறங்குதுன்னு உடம்பாலேயே பிரிச்சறியப் பழகினாங்க. லண்டன் ராயல் அகாடமி முதல்ல சீட் இல்லன்னுடுச்சு. என் வாசிப்புல குறையா, இல்ல காதுதான் காரணமான்னு இவங்க கேக்க, மறுபடி வாசிக்கவெச்சுக் கேட்டுச் சேர்த்துக்கிட்டாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுல முரசுக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு வாசிச்சவங்க இவங்கதான்.

ரெண்டாவது ஆளு ரிக் ஆலன், டெஃப் லெப்பர்ட் ராக் குழுவோட டிரம்மர். 1984 டிசம்பர் 31, கார் விபத்து, இடது கை போச்சு. டிரம்மருக்கு! குழு வேற ஆளைத் தேடல, காத்திருந்தாங்க. இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் அடிக்கற மாதிரி, பெடல் வெச்ச எலக்ட்ரானிக் டிரம் செட்டு ஒண்ணு செஞ்சாங்க. 1987-ல வந்த அவங்களோட அடுத்த ஆல்பம்தான் இருக்கறதுலயே அதிகமா வித்தது.

சுவர், பெடல், நூல். கவனிச்சீங்களா, மூணு இடத்துலயும் வேலை செஞ்சது வெறும் உற்சாகப் பேச்சு இல்ல, அவங்கவங்களுக்கு ஏத்த ஒரு வழி.

கமெண்ட்ல கண்டிப்பா ஒருத்தர் வருவாரு: "உதவி பண்ணிட்டா அது எப்படி சார் அவங்க படைப்பாகும்?" வாங்க சார். ஹென்றி மத்தீஸ் தெரியும்ல, பிரெஞ்சு ஓவியர். 1941-ல வயித்துல பெரிய அறுவை சிகிச்சை, அதுக்கப்புறம் பெரும்பாலும் படுக்கை, வீல்சேர். உதவியாளர்கள் காகிதத்துல வண்ணம் பூசிக் குடுப்பாங்க, இவர் கத்திரிக்கோலால வெட்டுவார், எங்க ஒட்டணும்னு இவர் காட்ட, அவங்க சுவர்ல ஊசி குத்துவாங்க. அதை யாராவது உதவியாளர் ஓவியம்னு சொல்றாங்களா? மத்தீஸ்னா மேதை. ஆட்டிசம் இருக்கற பையனுக்கு அம்மா காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டா மட்டும் சந்தேகமா?

ஆனா ஒரு கோடு இருக்கு. எங்க வெட்டணும், என்ன நிறம், எப்ப போதும், இந்த மூணையும் முடிவு பண்றது யாரு? அந்தக் கலைஞர்னா அது உதவி. வட்டம் கோணலா இருக்குன்னு ராத்திரி நீங்க உட்கார்ந்து நேராக்கிப் போட்டிக்கு அனுப்பினா, அது உங்க படம். உங்க பேர்ல அனுப்புங்க.

அடுத்தது காசு. ஆமா, காசைப் பத்திப் பேசினாத்தான் நம்ம ஆளுங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும். மேடையில பாட வைப்போம், பொன்னாடை போத்துவோம், ஃபோட்டோ எடுப்போம், "இவங்களுக்கு வாய்ப்புக் குடுத்ததே பெருசு"ன்னு சம்பளம் இல்லாம அனுப்புவோம். அதே மேடையில மைக் செட்டுக்காரருக்குப் பணம் போயிருக்கும்! கிரியேட்டிவ் குரோத்ல ஒரு படைப்பு வித்தா பாதிப் பணம் கலைஞருக்கு. 1956-ல எரிக் ஸ்டெக்மன்னு, போலியோவால கைகள் செயலிழந்த ஒரு ஜெர்மன் ஓவியர், வாயாலயும் காலாலயும் வரையறவங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார். ஓவியங்களை வாழ்த்து அட்டையா, காலண்டரா அச்சடிச்சு விக்கறாங்க, உறுப்பினர்களுக்கு மாசாமாசம் தொகை போகுது. நன்கொடை வேண்டாம், அட்டையை வாங்குங்கங்கறதுதான் அவங்க கொள்கை.

அதனால நீங்க நிகழ்ச்சி நடத்தறவரா இருந்தா, கூப்பிடும்போதே சம்பளம் எவ்வளவுன்னு சொல்லிடுங்க. மேடைக்குச் சாய்தளம் இருக்கா, பாடகர் மைக் வரைக்கும் தானே வர வழி இருக்கான்னு முதல் நாளே பாருங்க; கடைசி நிமிஷத்துல நாலு பேர் சேர்ந்து வீல்சேரைத் தூக்கி ஏத்தறது யாருக்கும் மரியாதை இல்ல. அறிமுகம் பண்ணும்போது என்ன நோய்னு ஆரம்பிக்காம, என்ன வாசிக்கறாங்கன்னு ஆரம்பிங்க.

வீட்டுல இப்படி ஒரு பிள்ளையோ, தம்பியோ, அக்காவோ இருந்தா, கமெண்ட்ல ஒண்ணே ஒண்ணு எழுதுங்க: எதைக் கையில குடுத்தா அவங்க நேரம் போறதே தெரியாம உட்கார்ந்திருக்காங்க? மண்ணா, பாத்திரத்துல தட்டறதா, பேப்பர் கிழிக்கறதா, எதுவா இருந்தாலும் எழுதுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன். கண் அசைவால வரையற கருவிகளைப் பத்தி அடுத்த வாரம் வீடியோ வருது, அந்த மணியை ஒரு தட்டு தட்டிடுங்க.